நடுக்கோடு

காத்து வரணும். அது ஒண்ணுதான் பாக்கி. தண்ணி வடிச்ச நீச்சல் குளத்துத் தரையில நூலைக் கட்டியாச்சு. ஆழமில்லாத அந்தக் கடைசியில ஆணியில ஒரு முனை, ஆழமான இந்தக் கடைசியில என் கால் பெருவிரலுக்குக் கீழ இன்னொரு முனை. அதுக்குச் சுண்ணாம்புப் பொடி தடவின கை வெள்ளை வெளேர்னு கிடக்கு. பெயிண்டர்மாரு சோத்துக்குப் போயிருக்கானுவ, சாப்பிட்டா வேப்பமரத்துக்குக் கீழ ஒரு கண்ணசரல் வேற உண்டு. அதுக்குள்ள அடிச்சிரணும். அவனுவ வந்துட்டா மூணு பேரா நின்னு பிசகாம நேரா அடிச்சிட்டுப் போயிருவானுவ. காலையிலயே நாலு கோடு முடிஞ்சு போச்சு, இந்தப் பக்கம் ரெண்டு, அந்தப் பக்கம் ரெண்டு, பாத்தா கண்ணு கூசுது, அம்புட்டு நேரு. நடுக்கோட்டைச் சாப்பிட்டு வந்து அடிங்கப்பா, பசியோட நிக்காதிய, முகமெல்லாம் வாடிப் போச்சுன்னு நான்தான் விரட்டி விட்டேன். எனக்கு ரொம்ப அக்கறைதான். இசக்கி மட்டும் ஒரு பார்வை பாத்துட்டுப் போனா. அந்தக் கூட்டத்துல இருக்க ஒரே பொம்பளப் பிள்ளை, தலையில துண்டைக் கட்டிக்கிட்டு ஆம்பளையளுக்குச் சரியா உருளை பிடிச்சு நீலம் அடிக்கா. வாய் மட்டும் ஓயாது. இந்த வயசு தானே இருக்கும்னு மனசு ஒரு கணக்குப் போடப் பாத்துச்சு. கணக்கெல்லாம் போடாத கொரற்றி, நிக்க சோலியைப் பாருன்னு என்னை நானே அதட்டிக்கிட்டேன். சாக்கை நனைச்சுப் போட்டு ஒரு காலை அதுல வச்சிருக்கேன், நூலை மிதிச்சிருக்க கால் பொசுங்குது. பக்கத்துலயே கறுப்பு பெயிண்ட் டப்பா, பிரஷ்ஷு. நூலைச் சுண்டி வெள்ளைக் கோடு விழுந்ததும் அது மேல கறுப்பை ஒரு ஓட்டு ஓட்டிட்டா பொறவு எவன் அழிப்பான். குளத்தைப் பாத்துக்கிடுத செக்ரட்டரி சாரு வஞ்சா வையட்டும். புதுசா வந்தவரு, நல்ல மனுஷன்தான், குத்தம் சொல்லக் கூடாது. அடுத்த மாசம் பள்ளிக்கூடத்துப் பிள்ளையளுக்குப் போட்டி வைக்கோம் அக்கா, இந்தத் தடவையாவது அந்தக் கோணக்கோட்டை நேராக்கிருவோம்னாரு. சரி சார்னு தலையை ஆட்டிட்டு வந்தேன். தலை ஆட்டுறதுக்கென்ன, ஆடு கூடத்தான் ஆட்டுது. வா காத்தே. எங்க போய்த் தொலைஞ்ச?

அன்னைக்கு என்னா காத்து. மாதாவே, மனுஷனைத் தூக்கிட்டுப் போற காத்து. கல்யாணம் ஆகி ரெண்டு மாசம் இருக்கும், ஊருல மில்லு இன்னும் ஓடிச் சங்கு ஊதுன காலம், இந்தக் குளத்துக்கு மாஸ்டர்னு எங்க வீட்டுக்காரவியளப் போட்டு, முதல் சோலியே குளத்துக்குப் பெயிண்ட் அடிச்சுக் கோடு போடுறதுன்னு குடுத்தாவ. இன்னாசி மாஸ்டர். அந்த மாஸ்டரை நான் சொல்லிப் பாத்துக்கிடுவேன் வாய்க்குள்ள, ஒரு முட்டாயி மாதிரி. மத்தியானச் சோறு கொண்டு வந்தவளை, ஏளா, சும்மாதானே நிக்க, வந்து இந்த நூலைப் பிடின்னாவ. புதுச் சேலை. சேலையைத் தூக்கிச் சொருவிக்கிட்டு இறங்கினேன். நான் ஆழமில்லாத பக்கம், அவிய ஆழமான பக்கம். நடுக்கோட்டுலயே ஆரம்பிப்போம், நடுவுல ஒண்ணு சரியா விழுந்துட்டா மத்ததெல்லாம் அதைப் பாத்து விழும்னாவ. காத்து அடிக்கு, தேரி மணல்மேட்டுச் செம்மண்ணு பல்லுல கரகரங்குது, முந்தானை மூஞ்சியில அடிக்கு, நான் ஒரு கையால முந்தானையையும் ஒரு கையால நூலையும் பிடிச்சிக்கிட்டு சிரிப்பா சிரிக்கேன். பிடிச்சியாளா? பிடிச்சேன். இறுக்கிப் பிடி. பிடிச்சிருக்கேங்க. அடிக்கட்டா? அடிங்க. அவிய நூலைத் தூக்கிச் சுண்டினாவ பாருங்க, அந்த அதிர்வு அங்கேருந்து நூல் வழியா ஓடி வந்து என் விரல்ல வந்து நின்னுச்சு. டும்முனு. உள்ளங்கை, முழங்கை, இன்னும் எங்கெல்லாமோ. அவிய என்னைத் தொட்டது அது வரைக்கும் எத்தனையோ தடவை, ஆனா அந்தத் தூரத்துலேருந்து தொட்டது அதுதான் முதல். இப்பவும் ராத்திரி தூக்கத்துல விரல் தானா ஒரு துள்ளு துள்ளும். நரம்புக் கோளாறுன்னாரு டாக்டர். மாத்திரை குடுத்தாரு. போட்டேன். நரம்பா இது, சவம், நரம்புக்கு என்ன தெரியும்.

முழங்கால் போட்டுக் கறுப்பு அடிக்கும்போது ஒண்ணும் தெரியல, பக்கத்துல இருந்து பாத்தா எல்லாம் நேராத்தானே தெரியும். மறுநாள் மேல ஏறி நின்னு பாத்தா ஏ யம்மா, நடுவுல ஒரு சாண் வளைஞ்சு கிடக்கு. வாட்ச்மேன் பால்ராசு அண்ணாச்சி இடுப்புல கை வச்சுக்கிட்டுச் சிரிக்காரு. ஏ மாஸ்டரே, இம்புட்டு நீள நூலை ரெண்டு பேரு நின்னு அடிப்பாவளா? நடுவுல ஒரு ஆளு உக்காந்து கட்டைவிரலால அமுக்கணும்லா, இல்லைன்னா காத்து தூக்கிட்டுப் போவும்லா. அவிய அசடு வழிஞ்சுக்கிட்டு நின்ன அழகு இருக்கே. மத்த நாலு கோட்டுக்கும் அண்ணாச்சியே நடுவுல உக்காந்தாரு, நாலும் நேரா விழுந்துச்சு. இதையும் நீலம் பூசி அழிச்சிட்டு அடிச்சிருவோம்னு அண்ணாச்சி சொன்னதுக்கு, வேண்டாம் அண்ணாச்சி, கிடக்கட்டும்னுட்டாவ. அன்னைக்கு வீட்டுக்குப் போற வழியில சைக்கிள்ல பின்னால உக்காந்துக்கிட்டுக் கேட்டேன், ஏன் கிடக்கட்டும்னு சொன்னிய, ஊரு சிரிக்காதா? மெதிக்கதை நிறுத்தாம முன்னால பாத்துக்கிட்டே சொன்னாவ. நடுவுல அமுக்க நம்ம வீட்டுலயே ஒண்ணு வருமளா. அது வந்து உக்காரட்டும், நேரா அடிப்போம். அது வரைக்கும் இது கிடக்கட்டும். எனக்கு வெக்கம் வந்து முதுகுல ஒரு குத்து குத்தினேன், சைக்கிள் ஆடிப் போச்சு, எதுத்தாப்புல வந்த கிழவனாரு வஞ்சாரு. அந்த முதுகு. வேர்வையும் பிளீச்சிங் பவுடரும் கலந்த ஒரு மணம். இங்க ஸ்டோர் ரூம்ல பவுடர் மூட்டையை அவுக்கும்போதெல்லாம் பாதி மணம் வரும். மீதிப் பாதி எங்கயும் இல்ல. எந்தச் சட்டையிலயும் இல்ல, எல்லாத்தையும் மோந்து பாத்தாச்சு.

காத்து இல்ல. வேப்பமரத்துல ஒரு இலை அசையல. இந்தச் சித்திரை வெயில் குளத்துக்குள்ள இறங்கினா ஏறவே மாட்டேங்குது, நாலு பக்கமும் நீலச் சுவரு, நடுவுல நான், சட்டியில கிடக்க மீன் மாதிரி. மீன்னதும் சிரிப்பு வருது. எங்க அப்பா கடல்ல போனவரு, அண்ணம்மாரு கடல்ல, ஆனா பொம்பளையளுக்கு எவன் நீச்சல் சொல்லிக் குடுத்தான். கட்டிக்கிட்டது மாஸ்டரை, ஊருப் பிள்ளையளை எல்லாம் மீன் குஞ்சா ஆக்கினவிய, என்னை மட்டும் இடுப்புத் தண்ணிக்கு மேல கொண்டு போக முடியல. ஏளா, நான் பிடிச்சிருக்கேன்லா, காலை விடு. மாட்டேன். நான் விடமாட்டேன்ளா. மாட்டேங்க. கழுத்தைக் கட்டிக்கிட்டுக் கத்துவேன். ஆழம்னா எனக்கு அப்படி ஒரு பயம். தண்ணி இல்லாத நாளுல கூட இந்தக் கடைசிக்கு நான் வந்ததில்ல. கூட்டுறது பெருக்குறதெல்லாம் அந்தச் சரிவு பாதி வரைக்கும்தான், மீதியை அவிய பாத்துக்கிடுவாவ, அவிய போன பொறவு வேற ஆளை வச்சிப் பாத்துக்கிட்டேன். இன்னைக்குத்தான் வந்து நிக்கேன். தலைக்கு மேல சுவரு இன்னொரு ஆள் உசரம் நிக்குது. இந்த இடத்துல தண்ணி எம்புட்டு நிக்கும்னு நினைச்சா மூச்சு முட்டுது, இல்லாத தண்ணியில மூச்சு முட்டுற கோட்டி நான் ஒருத்தியாத்தான் இருப்பேன். அவிய தண்ணியிலயே கிடந்த மனுஷன். போனது தரையில. டீக்கடை பெஞ்சுல கிளாஸைக் கையில வாங்கினவிய அப்படியே சாஞ்சாவ, கிளாஸு உடையல, யாரோ கையில பிடிச்சிக்கிட்டு வந்து என்கிட்ட குடுத்தான். எதுக்குக் குடுத்தான், நான் எதுக்கு வாங்கினேன். அது கடைக் கிளாஸு. திருப்பிக் குடுக்கப் போகாமலே கிடக்கு அலமாரியில.

கோட்டை மட்டும் அழிக்கவே விடலை. மூணு வருசத்துக்கு ஒருக்கப் பெயிண்ட் அடிக்கும்போதும் நூல் எடுக்க மாட்டாவ, பழைய கறுப்பு மேலயே முழங்கால் போட்டு பிரஷ்ஷால இழுத்துக்கிட்டே போவாவ, வளைவு வர்ற இடத்துல கையும் பைய வளையும். பிள்ளையளுக்கும் அது பழகிப் போச்சு. தலையைத் தண்ணியில கவுத்திக் கோட்டைப் பாத்துக்கிட்டே நீந்தி வருங்க, நேரா வருங்க, நடுவுல வந்ததும் லேசா ஒதுங்கி அந்தால நேராப் போவுங்க. நான் மேல நின்னு பாப்பேன். அங்க ஏதோ ஒண்ணு உக்காந்திருக்க மாதிரியும், அதை இடிச்சிரக் கூடாதுன்னு எல்லாப் பிள்ளையும் விலகிப் போற மாதிரியும் இருக்கும். இதை நான் யாருகிட்டயும் சொன்னதில்ல. அவியகிட்டயும் சொன்னதில்ல. சொல்லாமலே அவியளுக்குத் தெரிஞ்சிருக்கும்னு ஒரு நினைப்பு. மாதா கோயில்ல தொட்டில் கட்டினோம். ஒண்ணு தங்குச்சு. மூணு மாசம். வாந்தி, மாங்காய், எல்லாம் உண்டு, அவிய குளத்தை விட்டு ஓடி ஓடி வீட்டுக்கு வந்து பாத்துட்டுப் போவாவ, ஈரத்தலையோட. பொறவு ஒரு நாள் காலம்பற இல்ல. அம்புட்டுதான். அதுக்குப் பேரு வச்சிருந்தேன், இப்ப அதைச் சொல்ல மாட்டேன். ஒரு தடவை, எனக்கு நாப்பது தாண்டிட்டு, பெயிண்ட் வேலை நடக்கு, நானே சொன்னேன். இனிமே என்னத்துக்குங்க, பால்ராசு அண்ணாச்சி மவன் நிக்கான்லா, அவனை நடுவுல உக்கார வச்சு நேரா அடிச்சிருங்க. பிரஷ்ஷை எடுக்காம, என்னைப் பாக்காம சொன்னாவ. ஏளா, உனக்கு என்ன அவசரம்? முந்தானையை வாயில அடைச்சிக்கிட்டு பம்பு ரூமுக்குப் போயி நின்னேன், மோட்டாரு சத்தத்துல அழுதா வெளிய கேக்காது, அந்த வசதி ஒண்ணு இங்க உண்டு.

இப்ப எல்லாம் போச்சு. தரை வெடிச்சுத் தண்ணி நிக்கலைன்னு பழைய பூச்சை மிஷின் வச்சுச் சொரண்டினானுவ, அடுக்கடுக்கா நீலம் உரிஞ்சு வந்துச்சு, கறுப்பும் உரிஞ்சு வந்துச்சு, அள்ளி மூட்டை கட்டி லாரியில போட்டுட்டானுவ. புதுச் சிமெண்டு, புது நீலம். வழுவழுன்னு இருக்கு, கண்ணாடி மாதிரி, குத்தம் சொல்ல ஒண்ணுமில்ல. பாத்துக்கிட்டே இழுக்கப் பழைய கோடு கிடையாது. கையால வளைச்சிப் போட்டா பொய்க் கோடா இருக்கும், அதை நான் செய்ய மாட்டேன். அன்னைக்கு விழுந்த மாதிரியே நூல்ல விழணும், காத்துல விழணும். அதுக்குத்தான் நிக்கேன். நிமிந்து பாக்கேன். இங்கேருந்து பாத்தா சரிவு மேல ஏறிப் போவுது, அந்தக் கடைசியில வெளிச்சம் அதிகம், ஆழமில்லாததால சுவரு குட்டையா, அதுக்கு மேல வானம். நான் எப்பவும் அங்கேருந்து கீழ பாத்தவ. அவியளைப் பாத்தா எனக்குத் தெரிஞ்சது பள்ளத்துல ஒரு தலையும் தோளும். அவியளுக்கு நான் இப்படித் தெரிஞ்சிருக்கேன், உசரத்துல, வானத்துக்கு முன்னால, முந்தானை பறக்க. இம்புட்டு வருசத்துல இதைச் சொல்லலையே நீங்க. ஏளா, இங்கேருந்து பாத்தா நீ எப்படி இருக்க தெரியுமான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா. நான் இருந்த இடத்துல ஒரு ஆணி நிக்குது. இறுக்கமாத்தான் பிடிச்சிருக்கு, குறை இல்ல. பிடிச்சியான்னு கேட்டா பதில் சொல்லாது, அவ்வளவுதான். எனக்கு நீங்க வேணும். வேற ஒண்ணும் வேண்டாம், சோறு வேண்டாம், தூக்கம் வேண்டாம், அந்தப் பக்கம் நான் நிக்கணும், இந்தப் பக்கம் நீங்க நின்னு பிடிச்சியாளான்னு ஒரு தடவை கேக்கணும்.

அசையுது. வேப்பங்கிளை அசையுது. இன்னா வந்துட்டு, சுவருக்கு மேல தாண்டி உள்ள இறங்குது, கழுத்து வேர்வையில சில்லுனு படுது, சேலைத் தலைப்பைத் தூக்குது, நூலு தரையில கிடந்து லேசா நடுங்குது. இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம் பலமா வா ராசா. வந்துட்டு. குனிஞ்சு நூலைப் பிடிச்சேன், அவிய பிடிச்ச மாதிரி ரெண்டு விரலால, மாதாவேன்னு தூக்கிச் சுண்டி விட்டேன். டும்முனு ஒரு அதிர்வு என்கிட்டேருந்து கிளம்பிப் போச்சு. போயி ஆணியில முட்டிச்சு. புழுதியா வெள்ளை பறந்து அடங்கினதும் பாத்தேன். வளைஞ்சிருக்கு. ஒரு சாண் இருக்கும், அதே வளைவு, பிரஷ்ஷைக் கையில எடுத்துட்டேன், டப்பாவுல முக்கிட்டேன். அந்தால ஒரு சந்தேகம். இடது கையை நீட்டிப் பாத்தேன், வலது கையை நீட்டிப் பாத்தேன். நான் இருந்த பக்கத்துலேருந்து பாத்தா அது டிரஸ் மாத்துற ரூமைப் பாத்துல்லா வளையும். இது பம்பு ரூமைப் பாத்து வளைஞ்சு கிடக்கு. எதிர்ப்பக்கம். எப்படி? கூறு கெட்டவளே, எப்படின்னு கேக்கியா, அன்னைக்கு அடிச்சது ஆடிக் காத்துல்லா, தேரி மண்ணு வந்து பல்லுல கடிச்சுதே, மேக்கேருந்து வந்த காத்துல்லா அது. இது கிழக்கே கடல்லேருந்து வர்ற கடக்காத்து. கடல்கரையில பொறந்து வளர்ந்தவ, அப்பாவும் அண்ணம்மாரும் காத்தைப் பாத்து வலையெடுத்த வீட்டுல தின்னு வளர்ந்தவ, எந்த மாசம் எந்தக் காத்துன்னு மறந்துட்டு வந்து நிக்கேனே. ஆடி வரைக்கும் இந்தக் குளம் காத்துக் கிடக்குமா, செக்ரட்டரி விடுவாரா. பிரஷ்ஷுலேருந்து கறுப்பு சொட்டப் போவுது. டப்பாவுக்கு மேலேயே பிடிச்சிக்கிட்டு நின்னேன். இது எங்க கோடு இல்ல. இது வேற யாருக்கோ பிள்ளை இல்லாம வளைஞ்ச கோடு.

"அத்தே! என்ன செய்யுதிய அங்க?"

இசக்கி. மேல படியில நிக்கா, கையில தூக்குவாளி, வாயில இன்னும் சோறு. தூங்கப் போவாம இவ எதுக்கு வந்தா. அவ எட்டிப் பாத்தா, வெள்ளைக் கோட்டைப் பாத்தா, சிரிப்பு பொத்துக்கிட்டு வந்துட்டு.

"ஏ அத்தே, இதென்ன பாம்பு நெளியுது! ஒத்தையிலயா அடிச்சிய? நடுவுல ஆளு இல்லாம யாராவது நூல் அடிப்பாவளா?"

"நடுவுல ஆளு இருந்தா நான் ஏம்ளா ஒத்தையில அடிக்கேன்."

சத்தமா வந்துட்டு. குளத்துச் சுவரெல்லாம் ஒரு தடவை சொல்லிட்டு அடங்குச்சு. அவ சிரிப்பு நின்னுட்டு. என்னத்த நினைச்சாளோ, தூக்குவாளியை வச்சிட்டுப் படியில இறங்கி, சரிவுல தத்தித் தத்தி வந்தா, வெறுங்காலு, சூடு தாங்காம ஸ்ஸு ஸ்ஸுன்னுக்கிட்டு. தலைத்துண்டை அவுத்து அந்தக் கோணல் கோட்டைத் தொடைச்சுக்கிட்டே வந்தா. சுண்ணாம்புதானே, ரெண்டு இழுப்புல போயிட்டு. என் கால் வரைக்கும் தொடைச்சிட்டு நடுவுக்குத் திரும்பிப் போயி, அந்தத் துண்டை மடிச்சுக் கீழ போட்டு, அது மேல சம்மணம் போட்டு உக்காந்தா. நூலைத் தடவிப் பாத்து, பொடி பத்தாதுன்னு தானே எடுத்துத் தடவி, கட்டைவிரலை அமுக்கினா. வேண்டாம்னு சொல்லு கொரற்றி. சொன்னா எந்திரிச்சுப் போயிருவா. நேரா விழுந்துட்டா முடிஞ்சு போவும், இனிமே எந்தப் பிள்ளையும் நடுவுல ஒதுங்காது. வாயைத் தொறந்தேன். அது வந்து உக்காரட்டும், நேரா அடிப்போம்னு சைக்கிள்ல போயிக்கிட்டே சொன்ன முதுகு முன்னால வந்து நிக்கு.

"அத்தே, அந்தப் பக்கம் பிடிச்சியளா?"

யாரு கேட்டது. காலை எடுத்துட்டுக் குனிஞ்சு நூல் முனையைக் கைவிரலால தரையோட அமுக்கினேன்.

"பிடிச்சேன்"னேன்.

"இறுக்கிப் பிடிங்க, காத்து அடிக்கு. அடிக்கட்டா?"

"அடி."

முதல்ல என் பக்கம் சுண்டினா. அது ஓடி வந்துச்சு. வந்து என் விரல்ல நின்னுச்சு, உள்ளங்கை, முழங்கை. பொறவு திரும்பி அந்தப் பக்கத்தைச் சுண்டினா. வெள்ளை அடங்குச்சு. நேரு. ஒரு முடி பிசகில்ல, ஆணியிலேருந்து என் கால் வரைக்கும்.

"எந்திரிக்கட்டா?"

"இரு."

"ஏன், கோணிட்டா?"

"இல்லளா. நேராத்தான் கிடக்கு. கொஞ்சம் அப்படியே இரு."

"தரை பொசுக்குதுத்தே."

"தெரியும். செத்த நேரம். தலையை மட்டும் நிமித்திக்கோ."

என்னமோ கோட்டிக்காரின்னு நினைச்சிருப்பா. ஆனாலும் நிமித்தினா, வெயிலுக்குக் கையைக் கண்ணுக்கு மேல வச்சுக்கிட்டு என்னைப் பாத்தா. நான் உங்க இடத்துல நின்னுக்கிட்டுப் பாக்கேன். வந்து உக்காந்திருக்கு. நீங்களும் பாத்துக்கிடுங்க.